தோன்றா எழுவாய்

1

போன வருடம் ஒரு சனிக்கிழமை மாலை, பிரிக்பீல்ட்ஸில் நண்பர்கள் கூடும் வாசிப்புக் கூட்டத்தில் ஒரு கவிதை வாசித்தேன். லோக்காப்பில் அடிவாங்கிய ஒரு பையனைப் பற்றிய கவிதை. வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கைதட்டினார்கள். ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்து ஜாலான் துன் சம்பந்தனில் தேத்தாரிக் குடித்தபோதுகூட அந்தக் கவிதையைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

அந்தப் பையன் கற்பனை இல்லை. கிள்ளானில் இருக்கும் என் நண்பனின் தம்பி. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, அவர்கள் தாமானுக்குப் பக்கத்துக் கடைவரிசையில் வைத்துப் பிடித்தார்கள். வண்டியில் ஏற்றும் முன்பே அடி விழுந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நான்கு நாள் ரிமாண்ட். சனிக்கிழமை வெளியே வந்தபோது இடது காது கேட்கவில்லை. செவிப்பறை கிழிந்திருந்தது.

கைதான இரண்டாம் நாளே நண்பன் எனக்குப் போன் செய்தான். "டேய், எதிர்க்கடையில கேமரா இருக்குல்ல, அதை எடுக்க முடியுமா? உனக்குத்தான் இந்த வேலை தெரியும்" என்றான். நான் பொறியாளன். கட்டடங்களுக்கு கேமரா, நெட்வொர்க் போடும் கம்பெனியில்தான் வேலை. "பாக்கலாம்டா" என்றேன். பார்க்கவில்லை. அன்றிரவு கவிதை எழுத உட்கார்ந்தேன். ஒன்பது நாள் திருத்தித் திருத்தி எழுதினேன். பதினோராம் நாள் வாசித்தேன். பதின்மூன்றாம் நாள், திங்கட்கிழமை, வேலை முடிந்து கிள்ளானுக்குப் போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். உள்ளே கூப்பிட்டு டிவிஆர் பெட்டியைக் காட்டினார். "தம்பி, இது எவ்ளோ நாள் நிக்கும்னு எனக்குத் தெரியாது. நீங்களே பாருங்க" என்றார். பார்த்தேன். நான்கு கேமரா, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 21.6 கிகாபைட். நான்குக்கும் சேர்த்து 86.4. ஒரு டெராபைட்டை அதால் வகுத்தால் பதினொன்றரை நாள். அதற்குப் பிறகு இடம் தீர்ந்துவிடும். பெட்டி நின்றுவிடாது. இருப்பதிலேயே பழைய நாளின் மேல் புதிய நாளை எழுத ஆரம்பிக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை இரவின் மேல் அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை எழுதப்பட்டிருந்தது. யாரோ ரொட்டி வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

நான் கவிதையைத் திருத்திய நாட்களும் அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு மிச்சமிருந்த நாட்களும் ஒன்றே. இந்தக் கணக்கை அன்று போட்டதிலிருந்து என் கவிதையை என்னால் படிக்க முடியவில்லை. இருந்தாலும் ஒரு விமர்சகனாக அதைப் படித்துத்தான் ஆக வேண்டும். அதோடு சேர்த்து, நாம் எல்லாரும் இந்த விஷயத்தில் எழுதுவதையும்.

2

முதலில் எதிர்த்தரப்பு எழுதுவதைப் படிப்போம். அரசாங்கமும் எழுதுகிறது. நம்மைவிட அதிகமாகவே எழுதுகிறது. பதிவேடு, டைரி, சவப்பரிசோதனை அறிக்கை, பத்திரிகைச் செய்தி எல்லாம் பிரதிகள்தான். அவற்றை இலக்கிய வாசகர்களாகிய நாம் படிப்பதில்லை. படித்தால் அதில் ஒரு நடை இருப்பது தெரியும்.

ஏ. குகன் வழக்கை எடுத்துக்கொள்வோம். இந்த நாட்டுத் தமிழர்களுக்குப் பெயர் சொன்னாலே போதும். 2009 ஜனவரியில் கார் திருட்டுச் சந்தேகத்தில் கைதானவர். 20 ஜனவரி 2009 அன்று சுபாங் ஜெயா, யூஎஸ்ஜே தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்தார். வயது இருபதுகளின் தொடக்கம். அப்போது போலீஸ் தரப்பிலிருந்து பத்திரிகைகளுக்கு வந்த விளக்கத்தின் சாரம் இதுதான்: தண்ணீர் கேட்டார், மயங்கி விழுந்தார், இறந்தார்.

இந்த வாக்கியத்தை ஒரு சிறுகதையின் முதல் வரியாக நினைத்துப் படித்துப் பாருங்கள். மூன்று வினை. மூன்றுக்கும் எழுவாய் குகன்தான். கேட்டவர் அவர், விழுந்தவர் அவர், இறந்தவர் அவர். அந்த அறையில் வேறு யாருமே இல்லை. முதல் சவப்பரிசோதனையும் இதே நடையில்தான் முடிந்தது: நுரையீரலில் நீர் கோத்ததால் மரணம். நீர் தானாகவே கோத்துக்கொண்டது.

பள்ளியில் தமிழ் படித்தவர்களுக்குத் தோன்றா எழுவாய் என்ற இலக்கணச் சொல் ஞாபகம் இருக்கும். வாக்கியத்தில் செய்தவர் இருக்கிறார், ஆனால் சொல்லாகத் தோன்றவில்லை. 'நேற்று வந்தான்' என்றால் வந்தவன் யார் என்பது கேட்பவருக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை. அரசாங்க அறிக்கைகளின் தோன்றா எழுவாய் வேறு வகை. அங்கே செய்தவர் யார் என்பது எழுதுபவருக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை.

குகன் வழக்கில் இந்த வாக்கியத்தை உடைத்தது ஒரு தலையங்கமோ கவிதையோ அல்ல. செர்டாங் மருத்துவமனைப் பிணவறைக்குள் குடும்பத்தாரும் ஆதரவாளர்களும் நுழைந்து, உடலைப் போனில் படமெடுத்தார்கள். முதுகில் இருந்த காயங்களை நாடு பார்த்தது. அந்தப் படங்கள் வந்த பிறகு பழைய வாக்கியத்தை யாராலும் அப்படியே திருப்பிச் சொல்ல முடியவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது சவப்பரிசோதனை நடந்தது. அந்த அறிக்கை 45 வகை வெளிக்காயங்களை எண்ணியது. மரணக் காரணத்தையும் வேறு மாதிரி எழுதியது: பலமான அடிகளால் தசைகள் சிதைந்து, அதனால் சிறுநீரகம் செயலிழந்து மரணம்.

இந்த இரண்டாவது வாக்கியத்தின் அமைப்பைக் கவனியுங்கள். அது ஒரு சங்கிலி. மரணத்துக்குப் பின்னால் சிறுநீரகம், அதற்குப் பின்னால் தசை, அதற்குப் பின்னால் அடி. தசை நார்கள் பெரிய அளவில் நசுங்கினால் அதிலிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலக்கும். அதை வடிகட்ட முடியாமல் சிறுநீரகம் அடைபடும். ஒரே அடியில் இது நடக்காது. பல அடிகள் வேண்டும், நேரமும் வேண்டும். அடி என்று எழுதியவுடன் அடித்தவர் இல்லாமல் வாக்கியம் முடியாது. தோன்றா எழுவாய் வெளியே எட்டிப் பார்க்கிறது.

பிறகு நடந்தது பதிவில் இருக்கிறது. 2012-ல் ஒரே ஒரு கான்ஸ்டபிள் காயம் விளைவித்த குற்றத்துக்காக 3 வருடச் சிறைத்தண்டனை பெற்றார். குடும்பம் தொடுத்த சிவில் வழக்கில் 26 ஜூன் 2013 அன்று உயர்நீதிமன்ற நீதிபதி வி.டி. சிங்கம் 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தார். அப்போது சிலாங்கூர் போலீஸ் தலைவராக இருந்தவரும் பொறுப்பு என்றார். 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் குடும்பத்தின் பக்கமே நின்றது. ஜூன் 26 சித்திரவதைக்கு ஆளானோருக்கான ஐநா நாள். தற்செயலாகக்கூட இருக்கலாம், ஆனால் எனக்கு அந்தத் தேதி மறப்பதில்லை.

இழப்பீடு நியாயமாகிவிடாது. அதை நான் கொண்டாடவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் எரிக்கப்படாத ஓர் உடல், அழிக்கப்படாத சில படங்கள், இரண்டாவது ஓர் அறிக்கை இருக்கின்றன. இவை இல்லையென்றால் தண்ணீர் கேட்டார், விழுந்தார், இறந்தார் என்பதுதான் வரலாறு.

3

இப்போது நம் பக்கம் வருவோம். என் கவிதையில் ஒரு வரி உண்டு. அன்று அதிகக் கைதட்டு வாங்கியதும் அதுதான். அதிகாரத்தின் பூட்ஸ் ஒரு பூவின் மேல் ஏறி நின்றது என்று எழுதியிருந்தேன்.

யாருடைய பூட்ஸ்? அதிகாரத்தினுடையது. எந்த நிலையம்? இல்லை. என்ன கிழமை, எத்தனை மணி? இல்லை. எந்தக் காது? அதுவும் இல்லை. பையனுக்குப் பெயர்கூட இல்லை. அவன் ஒரு பூ. போலீஸ் டைரி 'தவறி விழுந்தார்' என்று எழுதினால் அடித்தவர் காணாமல் போகிறார். நான் 'அதிகாரம் மிதித்தது' என்று எழுதினாலும் அதே அடித்தவர் காணாமல்தான் போகிறார். அதிகாரம் என்ற சொல்லை எந்த நீதிமன்றத்திலும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. நான் கோபமாக எழுதினேன், அவர்கள் குளிர்ச்சியாக எழுதினார்கள். இலக்கணம் ஒன்றுதான்.

இது என் ஒருவனின் பிரச்சினை என்றால் கட்டுரை தேவையில்லை. லோக்காப் மரணங்களைப் பற்றி இங்கே நான் படித்த கவிதைகளிலும் கதைகளிலும் பெரும்பாலானவை இதே வகைதான். தாய் கதறுகிறாள். லத்தி சிரிக்கிறது. ரத்தம் சிவப்புக் கொடியாகிறது. கடைசியில் ஒரு கேள்விக்குறி. பெயரை மாற்றினால் எந்த மரணத்துக்கும் பொருந்தும். எந்த மரணத்துக்கும் பொருந்துகிற கவிதை எந்த மரணத்தையும் பற்றியதல்ல.

மாறாக என்ன செய்ய முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவல். வெற்றிமாறனின் 'விசாரணை' படத்துக்கு அடிப்படை அது. குண்டூர் போலீஸ் காவலில் தான் பட்டதைப் பிற்பாடு கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிக்கொண்டு எழுதியவர் அவர். அந்த நாவலின் பலம் அவருடைய கோபம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டதை வரிசை மாறாமல் ஞாபகம் வைத்திருப்பதுதான் அதன் பலம். யார், எங்கே, எதற்குப் பிறகு எது என்று அது விலகாமல் சொல்கிறது. உடம்பையே பதிவேடாக வைத்து எழுதியவர்கள் பூ, முள் என்றெல்லாம் அலைவதில்லை.

4

நம் கவிதைகளில் இன்னொருத்தி தவறாமல் வருகிறாள். மகனை இழந்த ஒவ்வொரு தாயையும் நாம் கண்ணகி ஆக்கிவிடுகிறோம். நானும் ஆக்கினேன். என் கவிதையின் கடைசிப் பத்தியில் கிள்ளான் தீப்பிடிக்கிறது.

ஆனால் சிலப்பதிகாரத்தை மறுபடி எடுத்துப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. கோவலன் கதை ஒரு தடுப்புக் காவல் மரணம்தான். திருட்டுச் சந்தேகம், விசாரணை கிடையாது, காவலர் கையில் கொலை. அதுவரை நமக்கெல்லாம் தெரியும். அதற்கப்புறம் நாம் நேரே மதுரை எரிவதற்குத் தாவிவிடுகிறோம். நடுவில் வழக்குரை காதை என்று ஒரு காதை இருக்கிறது. பெயரிலேயே வழக்கு இருக்கிறது.

அங்கே கண்ணகி என்ன செய்கிறாள்? வெறுங்கையோடு போகவில்லை. சோடியில் மிச்சமிருந்த ஒற்றைச் சிலம்பைக் கையில் வைத்திருக்கிறாள். தன் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம் என்று முதலிலேயே வாக்குமூலம் கொடுக்கிறாள். அரசன் தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான். இரண்டு தரப்பும் பதிவாகிவிட்டது. இனி யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. பிறகு கோவலனிடமிருந்து பறித்த சிலம்பைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். அவள் உடைக்கிறாள். உடைப்பது தன் கையிலிருந்ததை அல்ல, அரசன் கைப்பற்றி வைத்திருந்ததை. மணி தெறிக்கிறது. வழக்கு முடிந்தது.

ஒரு பொறியாளனாக எனக்கு இந்தக் காட்சியில் வேறொன்றும் தெரிகிறது. பாண்டியன் அநியாயமாகக் கொன்றவன். ஆனால் கைப்பற்றிய பொருளைக் கெடாமல் வைத்திருந்தான், கேட்டவுடன் எதிரே வைத்தான். சிலம்பு காணாமல் போய்விட்டது என்று சொல்லவில்லை. உருக்கிவிட்டோம் என்று சொல்லவில்லை. அரண்மனைப் பதிவு தானாக அழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. அவன் சொல்லியிருந்தால்? கண்ணகி கையில் ஒற்றைச் சிலம்பு மட்டும் இருந்திருக்கும். அதற்குள் மாணிக்கம் இருந்தாலும், 'சரி, அதனால் என்ன, அவன் திருடியது வேறு சிலம்பு' என்று அனுப்பியிருப்பார்கள்.

மதுரையை எரித்த கண்ணகியை நாம் எடுத்துக்கொண்டோம். சிலம்பை உடைத்த கண்ணகியை விட்டுவிட்டோம். எரிப்பதற்கு ஆவேசம் போதும். உடைப்பதற்கு அந்தச் சிலம்பு அதுவரை பத்திரமாக இருக்க வேண்டும்.

5

நம் காலத்துப் பாண்டியர்கள் பொருளை அப்படி வைத்திருப்பதில்லை. மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

என். தர்மேந்திரன், 21 மே 2013 அன்று கோலாலம்பூர் போலீஸ் தலைமையகத்தில் இறந்தார். உடலில் 52 காயங்கள். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட நான்கு போலீஸ்காரர்களும் விடுதலையானார்கள். அமலாக்க நிறுவனங்களின் நேர்மையை அப்போது கண்காணித்த ஆணையமான இஏஐசி, 2016-ல் தன் விசாரணை முடிவை வெளியிட்டது. விசாரணையின்போது நடந்த உடல்வன்முறையால்தான் மரணம் என்றது. ஆதாரங்கள் திரிக்கப்பட்டதையும் பொய்ப் பதிவுகள் உருவாக்கப்பட்டதையும் சொன்னது. அதாவது ஒரு மனிதன் இறந்ததைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்து புனைவு எழுதியிருக்கிறார்கள். அந்தப் புனைவைப் பிரித்துப் படிக்க மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

எஸ். பாலமுருகன், கிள்ளான். 7 பிப்ரவரி 2017 அன்று அவரை மேஜிஸ்திரேட் முன்னால் கொண்டுவந்தார்கள். மேஜிஸ்திரேட் அவருடைய நிலையைப் பார்த்துக் காவல் நீட்டிப்பைக் கொடுக்கவில்லை. விடுவித்துச் சிகிச்சைக்கு அனுப்பச் சொன்னார். அன்றிரவே அவர் வடகிள்ளான் போலீஸ் தலைமையகத்தில் இறந்தார். இங்கே போலீஸ் டைரிக்கு வெளியே ஒரு பதிவு இருந்தது: நீதிமன்றத்தின் உத்தரவு. அது இருந்ததால்தான் 'ஏன் இன்னும் உள்ளே இருந்தார்?' என்ற கேள்வியைக் கேட்கவே முடிந்தது.

மூன்றாவது, கடல் தாண்டி. 2020 ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும். அந்த நிலையத்துக்குப் போய் விசாரித்த நீதித்துறை நடுவர் தன் அறிக்கையில் எழுதிய ஒரு விஷயம் என்னைப் போன்றவர்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அங்கே கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் பதிவு தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். கிள்ளான் கடைக்காரரின் பெட்டியும் ஒரு டெராபைட்தான். அவர் பதினொன்றரை நாள் வைத்திருந்தார். காவல் நிலையம் ஒரு நாள்கூட வைத்திருக்கவில்லை. அந்த மெனுவில் விரல் வைத்துத்தான் இதைத் தேர்ந்தெடுக்க முடியும். இங்கேயும் ஒரு தோன்றா எழுவாய் இருக்கிறது. 'தானாக அழிந்தது' என்ற வாக்கியத்தை நம்பவே கூடாது. எந்தப் பெட்டியும் தானாக எதையும் முடிவு செய்வதில்லை.

ஆனால் சாத்தான்குளத்தில் இன்னொன்றும் நடந்தது. அந்த நிலையத்திலேயே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் நடுவரிடம், லத்திகளிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருக்கிறது, அழித்துவிடுவார்கள், உடனே கைப்பற்றுங்கள் என்று சொன்னார். சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, ஆதாரங்கள் அழியாமல் இருக்க அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னது. ஒரு காவல் நிலையத்தையே சாட்சிப் பொருளாக நினைத்துப் பூட்டியது மாதிரி. அதே வருடம் டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைக்க வேண்டும், முடியாத இடத்தில் குறைந்தது ஒரு வருடமாவது வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவு எவ்வளவு நடைமுறைக்கு வந்தது என்பது வேறு சண்டை. குறைந்தபட்சம் எத்தனை நாள் என்ற எண்ணை ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எண் முக்கியம். இங்கே அரசாங்க அமைப்பின் மேல் சிவில் வழக்குப் போட 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 36 மாத அவகாசம் தருகிறது. என் நண்பனின் அம்மா, "மூணு வருஷம் இருக்காம் தம்பி, மெதுவா பாத்துக்கலாம்" என்றார். யாரோ அவருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது பொய் இல்லை. சட்டம் 36 மாதம் தருகிறது, ஹார்ட் டிஸ்க் பதினொன்றரை நாள் தருகிறது. காயமும் அதிக நாள் தருவதில்லை. நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும், பிறகு தோல் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

அமெரிக்காவில் கைதிகள் சிறை நிர்வாகத்தின் மேல் தொடுக்கும் சிவில் உரிமை வழக்குகளில் இதற்கென்றே ஒரு பழக்கம் இருக்கிறது. வழக்குப் போடும் முன்பே ஒரு கடிதம் போய்விடும்: இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடத்துப் பதிவுகளை அழிக்காதீர்கள், வழக்கு வரப்போகிறது. வழக்கு வரும் என்று எதிர்பார்க்க நியாயமான காரணம் வந்த கணத்திலிருந்தே பாதுகாக்கும் கடமை தொடங்கிவிடுகிறது என்பது அங்கே சட்டம். ஆனால் அழிந்துபோனால் கடுமையான தண்டனை வேண்டுமென்றால், வேண்டுமென்றே அழித்தார்கள் என்று காட்ட வேண்டும். 2015-ல் விதியை அப்படித் திருத்தினார்கள். அதனால் அந்தக் கடிதத்தின் வேலை இரண்டு. அழிக்காமல் தடுப்பது ஒன்று. அழித்தால், தெரிந்தேதான் அழித்தார்கள் என்று காட்டுவது இன்னொன்று.

நம் நாட்டு ஆதாரச் சட்டத்திலும் இதற்கு ஒரு கதவு இருக்கிறது. கையிலிருக்கும் ஆதாரத்தை ஒருவர் காட்டாமல் வைத்துக்கொண்டால், காட்டியிருந்தால் அது அவருக்கே பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். 114-ஆம் பிரிவில் வரும் உதாரணம். ஆனால் அந்த ஆதாரம் அவர் கையில் இருந்தது என்று முதலில் தெரிய வேண்டும். அதைச் சொல்வது அந்தக் கடிதம்தான். ஒரு தேதி, ஒரு நேரம், ஒரு இடம், ஒரு பெயர், கீழே ஒரு கையெழுத்து. அரைப் பக்கம். ஒன்பது நாள் தேவையில்லை.

6

நான் இதை நண்பர்களிடம் பேசியபோது இரண்டு மறுப்புகள் வந்தன. இரண்டும் நியாயமானவை.

முதலாவது: கவிதை போலீஸ் ரிப்போர்ட் இல்லை. ஆதாரம் சேர்ப்பது வழக்கறிஞர் வேலை, அழுவது கவிஞர் வேலை. சரிதான். கவிதைக்குள் ஹார்ட் டிஸ்க் அளவை எழுதச் சொல்லவில்லை. ஆனால் துல்லியம் வழக்கறிஞர்களின் தனிச்சொத்து இல்லை. எந்தக் காது என்று தெரியாமல் ஒரு பையனின் வலியை எழுத முடியும் என்று நான் நினைத்தது சட்டப் பிழை அல்ல, இலக்கியப் பிழை. அவன் இப்போது யார் கூப்பிட்டாலும் வலது பக்கமாகத் திரும்பிக் கேட்கிறான். சாப்பாட்டு மேஜையில் அம்மாவுக்கு இடது பக்கம் உட்காருகிறான். அதை நான் பார்த்ததே கவிதை வாசித்து இரண்டு மாதம் கழித்து. என் கவிதையில் இல்லாத கவிதை அதுதான்.

இரண்டாவது மறுப்பு கடினமானது. ஒரு அக்கா கேட்டார்: "சாவு வீட்டுல போய் படம் எடு, துணியைத் துவைக்காதேன்னு சொல்லுவியாடா? உனக்கு மனசு இருக்கா?" என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நம் வழக்கம் வேறு. இறந்தவரைச் சீக்கிரம் அனுப்பிவைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், பெரும்பாலும் எரிக்க வேண்டும். அதில்தான் மரியாதை. இரண்டாவது சவப்பரிசோதனை கேட்பது என்றால் மகனை இன்னும் சில நாள் குளிர்ப் பெட்டியில் விட்டுவைப்பது. எந்தத் தாய்க்கும் அது இன்னொரு சாவு. எரித்த பிறகு கேட்க எதுவும் இல்லை என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் ஒரு குடும்பம் ஒரே இரவில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதை எளிமையாக்கி எழுத எனக்கு உரிமை இல்லை. குகனின் குடும்பம் பிணவறைக்குள் நின்று அந்தப் படங்களை எடுத்தபோது அவர்களுக்கு மனசு இல்லாமலா இருந்தது என்று மட்டும் அக்காவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நானும் மேலே பேசவில்லை.

ஆனால் அந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் இருக்கிறார்களே, நண்பர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், என்னை மாதிரி எழுதுகிறவர்கள். நமக்கு அழுவதற்கு அவ்வளவு அவசரம் இல்லை. அவர்களால் செய்ய முடியாததைச் செய்யத்தான் பக்கத்தில் நிற்கிறோம். எதிர்க்கடைக்கு அன்றே போகலாம். கடைக்காரரிடம் மரியாதையாகப் பேசலாம், ஏனென்றால் கணினியிலிருந்து எடுத்த பதிவு நீதிமன்றத்தில் ஏற வேண்டுமென்றால் பெரும்பாலும் அதற்குப் பொறுப்பானவரின் சான்றிதழ் தேவைப்படும். பதிவைப் பென் டிரைவில் மூலக் கோப்பாகவே எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், எப்போது எதில் எடுத்தது என்ற விவரமும் போய்விடும். ரத்தம் பட்ட சட்டையைத் துவைக்காமல் காயவைத்துக் காகித உறையில் வைக்கலாம், பிளாஸ்டிக்கில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். காயத்தைப் பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்துப் படமெடுக்கலாம். மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கலாம். பார்த்தவர்களிடம் கேட்டு, யார், எங்கே, எத்தனை மணி என்று அன்றே ஒரு நோட்டில் எழுதலாம். எழுதத் தெரிந்தவர்கள் நாம்தானே.

நண்பனின் தம்பி இன்னும் வழக்குப் போடவில்லை. வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்திருக்கிறார்கள். மருத்துவ அறிக்கை இருக்கிறது, சாட்சி சொல்ல ஒருவர் சம்மதித்திருக்கிறார், இன்னொருவர் தயங்குகிறார். "வீடியோ ஏதாவது இருக்கா?" என்று வழக்கறிஞர் கேட்டாராம். நண்பன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் நல்லவன்.

அந்தக் கவிதையை நான் எந்தத் தொகுப்பிலும் சேர்க்கப்போவதில்லை. அதற்குப் பதிலாக நோட்டில் நான் எழுதிய முதல் பக்கம் இருக்கிறது. பதின்மூன்றாம் நாள் கடையிலிருந்து வெளியே வந்து, காருக்குள் உட்கார்ந்து எழுதியது. கடையின் பெயர், கேமராவின் கோணம், பெட்டியின் வரிசை எண், நான் பார்த்த நேரம் இரவு 8.40, கிடைத்த முதல் பதிவின் தேதி. கடைசி வரியில் எழுவாயும் இருக்கிறது. நான் தாமதமாக வந்தேன் என்று எழுதியிருக்கிறேன்.